ஆட்சேபணை இல்லை

2024 ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அடுக்ககத்தின் மாடி வீட்டுப் பெண் ஒரு தாளோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பக்கத்து மனையில் எழவிருக்கும் புதிய கட்டடத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று கோரும் மனு அது. வண்டி நிறுத்தத் தரைத்தளம், அதன்மேல் ஐந்து தளங்கள், இருபது வீடுகள். விமானங்கள் மிகத் தாழப் பறக்கும் பகுதி இது, இங்கே இன்னொரு உயரமான கட்டடம் எழுவது பறப்பவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் ஆபத்து என்று மனு சொன்னது. எங்களுக்கு முன்னால் பதினேழு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். நாங்கள் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, மாலையில் தருவதாகச் சொன்னோம். அந்த மாலை வருவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறோம்.

நாங்கள் என்று சொல்வது கணவனும் மனைவியுமாகிய எங்கள் இருவரையும். குடியிருப்பது சென்னை விமான நிலையத்தின் மேற்கே, பம்மலுக்கும் அனகாபுத்தூருக்கும் இடையில் உள்ள ஒரு தெருவில். பெரிய ஓடுபாதையின் மேற்கு முனையிலிருந்து எங்கள் மொட்டைமாடி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். இறங்கும் விமானம் வழக்கமாக மூன்று பாகைச் சாய்வில் வருவதால், எங்கள் தெருவைக் கடக்கும்போது அதன் உயரம் சுமார் 170 மீட்டர்தான். வால்பகுதியில் எழுதியிருப்பதை வாசிக்கலாம். சக்கரங்கள் தனித்தனியே தெரியும். முதன்முறை விருந்தினராக வரும் குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை. இரண்டாம் நாள் காலையில் அவர்களுடைய தாய்மார்கள் எங்களிடம், "எப்படித் தூங்கறீங்க?" என்று கேட்பார்கள்.

நாங்கள் இந்த வீட்டை வாங்கியது 2011 மே மாதத்தில். தரகர் எங்களை அழைத்து வந்தது ஒரு வேலைநாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு. அரைமணி நேரம் வீட்டில் இருந்தோம். ஒரே ஒரு விமானம் போனது. தரகர் சிரித்துக்கொண்டே, "ஏர்போர்ட் பக்கத்துல இருக்குன்னா விலை ஏறிக்கிட்டேதான் இருக்கும் சார்" என்றார். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. பத்திரப்பதிவு முடிந்து, பால் காய்ச்சி, முதல் இரவு படுத்தபோதுதான் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே வெளிநாட்டு விமானங்கள் வரிசையாக வருவதும் போவதும் தெரிந்தது. ஒன்று ஓய்ந்து மனம் தளரும் நேரத்தில் அடுத்தது. அன்றிரவு நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. வாழ்நாள் சேமிப்பையும் இருபதாண்டுக் கடனையும் போட்டு வாங்கிய ஒன்றைப் பற்றி முதல் இரவே குறை சொல்ல இருவருக்கும் துணிவில்லை.

*

பிறகு நாங்கள் கற்றுக்கொண்டவை பல. முதலாவது, காற்று. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் மேற்கிலிருந்து எங்கள் தலைக்கு மேலாக வந்து கிழக்கு நோக்கி இறங்குகின்றன. மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அவை கிண்டி, ஆலந்தூர்ப் பக்கமாக வந்து இறங்கி, புறப்படும்போது முழு விசையோடு எங்கள் பக்கம் எழும்புகின்றன. இறங்கும் ஓசை கூர்மையான சீழ்க்கை போன்றது. ஏறும் ஓசை அடிவயிற்றில் விழுவது, சன்னல் கண்ணாடி அதில் நடுங்கும். கோடையில் பிற்பகல் கடற்காற்று உள்ளே நுழைந்தால் ஒரே நாளிலேயே திசை மாறிவிடும். ஊருக்கெல்லாம் கடற்காற்று ஆறுதல். எங்களுக்கு அது ஓசையின் வகை மாறுவதற்கான அறிகுறி.

இரண்டாவது, டெசிபல். இதைப் பள்ளியில் படித்திருந்தும் பொருள் உணர்ந்தது இங்கே வந்தபின்தான். மூன்று டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது. பத்து கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை. 2018 ஜூன் மாதத்தில் விமான நிலையங்களுக்கென்று தனி எல்லை அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000-க்கு மேல் விமானப் போக்குவரத்து உள்ள நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65. சென்னை அந்த எண்ணிக்கையை எப்போதோ தாண்டிவிட்டது. 45-க்கும் 65-க்கும் வித்தியாசம் இருபதுதானே என்று தோன்றும். ஆற்றலில் அது நூறு மடங்கு. அதே 2018-இல் உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், இரவு விமான ஓசை 40 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது.

இந்த எல்லைகள் எல்லாம் சராசரிகள் என்பதையும் சொல்லவேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு விமானம் இருபது விநாடி 85 டெசிபல் அளவில் கடந்து, மீதி நேரம் முழு அமைதி நிலவுவதாக வைத்துக்கொள்வோம். அந்த மணி நேரத்தின் சராசரி சுமார் 62 டெசிபல். அதாவது விதியின் இரவு எல்லைக்குள் அடங்கிவிடும். தூங்குகிறவனோ சராசரியில் விழிப்பதில்லை, அந்த இருபது விநாடியில் விழிக்கிறான். மீதி நேரத்தின் அமைதியை அடுத்ததற்காகக் காத்திருந்தே செலவழிக்கிறான்.

*

மனுவைப் படித்த அன்று மாலை நாங்கள் பக்கத்து மனையின் உரிமையாளரைப் பார்க்கப் போனோம். எழுபத்தைந்து வயதைக் கடந்த நெசவாளர். அனகாபுத்தூர் ஒரு காலத்தில் ‘மெட்ராஸ் கைக்குட்டை’ எனப்பட்ட கட்டமிட்ட துணிக்குப் பேர்போன ஊர். அந்தத் துணி இங்கிருந்து நைஜீரியாவுக்குப் போயிற்று. பெரியவரின் வீட்டில் நான்கு தறிகள் இருந்தனவாம். நாங்கள் குடிவந்தபோது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. தறிக்கொட்டகை இருந்த மனையைத்தான் இப்போது ஒரு கட்டுமானக்காரரிடம் ஒப்படைத்திருக்கிறார். கட்டி முடித்தபின் இரண்டு வீடுகள் அவருக்கு, மகனுக்கொன்று மகளுக்கொன்று.

மனுவின் செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டார்: "நீங்க வந்தப்போ நாங்க யார்கிட்டயாவது கையெழுத்து வாங்குனோமா சார்? அந்த இடமும் மேலத்தெருக்காரங்க களத்துமேடுதான்."

நாங்கள் பதில் சொல்லவில்லை. சத்தத்தைப் பற்றிக் கேட்டோம். "தறி ஓடுற வீட்டுல ஏரோப்ளேன் கேக்காது. தறி நின்னப்புறம்தான் கேக்க ஆரம்பிச்சுது" என்றார்.

யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்வியை விமான ஓசை பற்றிய எல்லா வாதங்களிலும் பார்க்கலாம். விமான நிலையம் இருப்பது தெரிந்தே வந்துவிட்டு இப்போது குறை சொல்கிறாயே என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே அதற்கு விடை அத்தனை எளிதாக இல்லை. சென்னையில் முதன்முதலாக விமானம் எழும்பியது பல்லாவரத்தில், 1910-இல். மவுண்ட் சாலையில் உணவு விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே முன்னின்று உருவாக்கிய விமானத்தில் பறந்து காட்டினார். 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டிவந்தபோது, பம்பாயிலிருந்து சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அந்த விமானத்தில் ஒரே ஒரு இயந்திரம். அந்நாளில் இந்தப் பக்கமெல்லாம் ஏரிப்பாசன ஊர்கள். சனீசுவரனுக்காக வடதிருநள்ளாறு என்று வழங்கப்படும் பொழிச்சலூர்க் கோயில் அப்போதும் இருந்தது. தமிழ் நாடகத்தின் தந்தை எனப்படும் சம்பந்த முதலியார், பம்மல் என்ற பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்து ஊரெங்கும் தெரியச் செய்திருந்தார். ஆக, ஊர் முதலில். விமான நிலையம் அடுத்து. எங்களைப் போன்றவர்கள் அதற்கும் அடுத்து. ஆனால் பெரியவர் சிறுவனாய் இருந்தபோது பறந்த ஒன்றிரண்டு விமானங்கள் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பயணிகளைச் சுமக்கும் போக்குவரத்தாக மாறியது எங்கள் எல்லோருக்கும் பின்னால். இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டு நீட்டப்பட்டதும் எங்கள் கண் முன்னால் நடந்ததுதான். 2015 டிசம்பரில் ஆறு பெருகி விமான நிலையத்தையே மூடவைத்தபோது, யார் முதலில் வந்தது என்ற கேள்விக்கு ஆறும் ஒரு பதில் வைத்திருந்தது என்று எங்களுக்குத் தோன்றியது.

*

கட்டுமானக்காரரின் அலுவலகத்தில் விமான நிலைய ஆணையம் வழங்கிய தடையின்மைச் சான்றின் நகலைக் கேட்டோம். தயங்காமல் தந்தார்கள். இந்தச் சான்று முழுக்க முழுக்க உயரத்தைப் பற்றியது. 2015-இல் வந்த உயரக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் வண்ண வரைபடமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு வண்ணத்திலும் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் வரை கட்டடம் எழலாம் என்று வரையறை உண்டு. இறங்கும் பாதையின் அடியில், ஓடுபாதை முனையிலிருந்து விலக விலக ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் சரிந்து உயரும் கற்பனைத் தளம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டடம் துளைக்கக்கூடாது. தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி, ஆண்டெனா எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. பக்கத்து மனைக் கட்டடம் அந்தத் தளத்துக்கு வெகு கீழே இருந்தது. மனுவில் சொல்லப்பட்ட ஆபத்து உண்மையில்லை.

மனு எழுதியவர்களுக்கும் இது தெரியாமலில்லை. அவர்களுடைய கவலைகள் வேறு: ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்கும், தெருவில் வண்டி நிறுத்த இடமிருக்காது, கிழக்குச் சன்னல்களின் காற்று போய்விடும். எல்லாம் நியாயமான கவலைகள். எங்களுக்கும் அவை உண்டு. ஆனால் அந்தக் காரணங்களுக்கு அலுவலகம் செவிசாய்க்காது, விமானம் என்றால் பயப்படும் என்று யாரோ ஆலோசனை சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சான்றின் நிபந்தனைகளை வரிசையாகப் படித்து வந்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டோம். விமான நிலையத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோ விமானங்கள் இயங்குவதால் ஏற்படும் ஓசை, அதிர்வு, சேதம் ஆகியவற்றுக்காக விண்ணப்பதாரர் புகார் செய்யவோ இழப்பீடு கோரவோ மாட்டார் என்பது அதன் சாரம். ஓசையைப் பற்றி அந்தச் சான்றில் நாங்கள் பார்த்த ஒரே பேச்சு இதுதான். ஓசை இருக்கும் என்பதை அரசு அறிந்திருக்கிறது. எவ்வளவு இருக்கும், எந்த அறையில் இருக்கும், எத்தனை மணிக்கு இருக்கும் என்று அது கேட்கவில்லை. புகார் வராது என்ற உறுதிமொழியை மட்டும் வாங்கிக்கொள்கிறது. உறுதிமொழி தருகிறவரோ அங்கே குடியிருக்கப் போகிறவர் அல்லர், விற்றுவிட்டுப் போகிறவர்.

வீட்டுக்கு வந்து எங்கள் பத்திரக்கட்டை எடுத்துப் பிரித்தோம். 2009-ஆம் ஆண்டுச் சான்று, நகலின் நகல், எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. அதிலும் அந்த வரி இருந்தது. வங்கி வழக்கறிஞர் பார்த்துச் சரியென்ற கட்டு அது. பதின்மூன்று ஆண்டுகளாக எங்கள் அலமாரியில் இருந்திருக்கிறது. நாங்கள் படித்ததில்லை.

நிலத்துக்கு உரிமையாளன் அதன்மேல் உள்ள வானத்துக்கும் உரிமையாளன் என்றொரு பழைய ஐரோப்பியச் சட்டக் கோட்பாடு உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-இல் காஸ்பி என்பவரின் வழக்கில் அதைக் கைவிட்டது. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ அருகே கோழிப்பண்ணை வைத்திருந்தவர் அவர். போர்க்காலத்தில் பக்கத்து விமானத்தளத்துக்கு வந்த இராணுவ விமானங்கள் அவர் வீட்டுக்கு மேலே 67 அடி உயரத்தில் பறந்தன. அச்சத்தில் சுவரில் மோதியே 150 கோழிகள் வரை செத்தன. தொழிலையே விட்டுவிட்டார். வானம் பொதுவழி என்று ஏற்ற நீதிமன்றம், நிலத்தை அனுபவிக்க முடியாத அளவுக்குத் தாழவும் அடிக்கடியும் பறப்பது அந்த நிலத்தின் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதற்குச் சமம், அதற்கு இழப்பீடு தரவேண்டும் என்றும் சொன்னது. இறங்கும் பாதையின் அடியில் இருப்பவன் தன் வீட்டின் ஒரு பங்கை ஊருக்குத் தருகிறான் என்று அந்தத் தீர்ப்பை நாங்கள் புரிந்துகொள்கிறோம். எங்களுடைய பங்கை நாங்கள் அறியாமலே வேறொருவர் தந்துவிட்டிருந்தார்.

*

இத்தனையும் தெரிந்தபின் மனுவைத் திருப்பித் தந்துவிடுவது எளிது. அதில் எழுதியிருப்பது உண்மையில்லை, ஆகவே கையெழுத்திட மாட்டோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் உண்மையைப் பற்றி அந்த மாடி வீட்டுப் பெண்ணிடம் பேச எங்களுக்குத் தகுதியில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

2019 ஜூன் மாதத்தில் நாங்கள் இந்த வீட்டை விற்க முயன்றோம். எங்களில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் தொடங்கியிருந்தது. அது ஓசையால்தான் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நாங்களாக நினைத்துக்கொண்டதுதான். வீடு பார்க்க வந்தவர்களில் ஓர் இளம் தம்பதி இருந்தார்கள். அவர்களை எத்தனை மணிக்கு வரச்சொல்வது என்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம். வேலைநாள், பிற்பகல் இரண்டரை. எட்டாண்டுகளுக்கு முன் தரகர் எங்களுக்குக் குறித்த அதே நேரம்.

அந்தப் பெண் சமையலறைச் சன்னலருகே நின்று கேட்டார்: "மேடம், ஃப்ளைட் சத்தம் ரொம்ப இருக்குமா? நாளைக்குக் குழந்தைன்னு வந்தா கஷ்டமா இருக்குமா?"

"பழகிடும்மா" என்றோம். இருவருமாகச் சொன்னோம்.

பொய்யென்று அதைச் சொல்லமுடியாது. நாங்கள் பழகித்தான் இருந்தோம். தொலைபேசியில் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, இருபது விநாடி கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்வது, தொலைக்காட்சியில் கொலையாளி யாரென்று சொல்லும் இடத்தில் உதடுகளைப் பார்த்து ஊகிப்பது, எல்லாம் பழகியிருந்தது. ஆனால் அவர் கேட்டது அதையல்ல என்பது எங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டின் விலை அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அதே கட்டடத்தில் எங்களுக்கு மேல்வீடு கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது, வாங்கிக் குடிவந்தார்கள். 2020 ஏப்ரலில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஊரடங்குக் காலம். மார்ச் கடைசியிலிருந்து பயணிகள் விமானங்கள் நின்றிருந்தன. சரக்கு விமானம் எப்போதாவது போகும். இரண்டு மாதங்கள், எங்கள் தெருவுக்கு இன்னொரு தெரு உள்ளே இருந்தது தெரியவந்தது. பொழிச்சலூர்ப் பக்கமிருந்து கோயில் மணி கேட்டது. பின்னிரவில் தவளைகள் கேட்டன. பழகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பழக்கமில்லை, களைப்பு என்று அப்போதுதான் விளங்கிற்று. மே 25-இல் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் தொடங்கின. முதல் விமானம் எங்களைக் கடந்ததும் மேல்வீட்டில் குழந்தை வீறிட்டழுதது. அமைதியில் பிறந்த குழந்தை. அந்த அழுகையைக் கேட்டபடி நாங்கள் கீழே உட்கார்ந்திருந்தோம். விமானங்கள் சிறிது சிறிதாகக் கூடக்கூட, மேலே இரவில் விளக்கெரிவதும் கூடிற்று.

இப்போது அந்தக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்து பாடம் படிக்கிறாள். வாய்விட்டுப் படிக்கும்போது விமானம் வந்தால் விரலை வரியின்மேல் வைத்து நிறுத்திக்கொள்வாள். நாங்கள் கற்றுக்கொடுத்ததில்லை. லண்டன், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் நகரங்களின் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வு, விமான ஓசை கூடக்கூட வாசித்துப் பொருளுணரும் திறன் குறைவதைக் கண்டது. மியூனிக் நகரில் 1992 மே மாதத்தில் பழைய விமான நிலையத்தை மூடிவிட்டுப் புதியதை வேறிடத்தில் திறந்தார்கள். அங்கே செய்த ஆய்வில், பழைய இடத்துக் குழந்தைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் தேறின. புதிய இடத்துக் குழந்தைகளிடம் அவை சரிந்தன. தேறும் என்பதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. அடுத்த வரியைப் படித்தபோது பரந்தூர் நினைவுக்கு வந்தது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு அந்த இடம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஏகனாபுரம் மக்கள் போராடி வருகிறார்கள். எங்கள் இரவுகள் எளிதாக வேண்டுமென்று நாங்கள் விரும்பும்போது, அவர்களுடைய ஏரிகளையும் வயல்களையும் சேர்த்தே விரும்புகிறோம்.

*

மூன்றாவது வாரக் கடைசியில் மாடிக்குப் போனோம். மனுவில் சொல்லியிருக்கும் ஆபத்து இல்லை என்பதைச் சான்றைக் காட்டி விளக்கினோம். ஓசை பற்றிய வரியையும் காட்டினோம். பிறகு, 2019-இல் அவர்களை அந்த நேரத்துக்கு ஏன் வரச்சொன்னோம் என்பதையும் சொன்னோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும் மேடம். குடிவந்த மறுநாளே தெரிஞ்சுது" என்றார். "இந்த மனுவை ஏன் எடுத்துட்டு அலையறேன்னு நினைச்சீங்க? அங்க இன்னும் இருபது குடும்பம் ரெண்டரை மணிக்கு வந்து பாத்துட்டு வாங்கும்."

அவருடைய காரணம் மனுவில் இல்லாத காரணம். நாங்கள் மூன்று வாரங்களாகத் தேடிக்கொண்டிருந்ததும் அதுதான்.

அன்றிரவே மூவருமாக வேறொரு கடிதம் எழுதினோம். கட்டடம் வேண்டாம் என்று அதில் சொல்லவில்லை. பெரியவர் தம் நிலத்தில் தம் பிள்ளைகளுக்கு வீடு கட்ட நாங்கள் அனுமதி தருவதற்கில்லை. கேட்டவை நான்கு. தடையின்மைச் சான்றில் உள்ள ஓசை பற்றிய நிபந்தனை, விற்பனை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் தமிழில் இருக்கவேண்டும். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள ஓசை அளவுகளின் வரைபடம் திட்ட அனுமதி அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கவேண்டும். படுக்கையறைச் சன்னல்கள் இரட்டைக் கண்ணாடியோடும், மூடியிருந்தாலும் காற்று வர வழியோடும் அமையவேண்டும். திறந்த சன்னல் பத்துப் பதினைந்து டெசிபலைத்தான் குறைக்கும், சென்னை வெயிலில் சன்னலை மூடிவிட்டு வாழச்சொல்வதும் முடியாது. நான்காவதாக, மேல்தளக் கூரைக்கு ஒலித்தடுப்பு. 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டத்தால் வரைபடத்தையும் நிலத்தின் வில்லங்கத்தையும் கேட்டறிய வாங்குகிறவருக்கு உரிமை கிடைத்திருக்கிறது. தலைக்கு மேலே உள்ளதையும் அறியும் உரிமை வேண்டும் என்று முடித்திருந்தோம்.

எங்கள் அடுக்ககத்தின் இருபத்துநான்கு குடும்பங்களில் ஒன்பது கையெழுத்திட்டன. மற்றவர்கள் மறுத்த காரணத்தை ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "இப்படியெல்லாம் எழுதிக் கொடுத்தா நம்ம வீட்டை நாளைக்கு யாரு சார் வாங்குவாங்க?" அவரைக் குறைசொல்ல எங்களால் முடியவில்லை. 2019-இல் நாங்கள் பேசிய பேச்சு அது. பெரியவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது, தாமும் ஒப்பமிடலாமா என்று கேட்டு பத்தாவதாக ஒப்பமிட்டார்.

அலுவலகத்திலிருந்து, கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு பதில் வந்தது. கட்டுமானக்காரர் அந்த நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்க ஒப்புக்கொண்டார். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் சேர்த்திருக்கிறார். சன்னல்களைப் பற்றி, செலவு கூடும் என்றார். மேல்தளத்துக்கு மட்டும் ஏதோ செய்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

கட்டடம் நான்காவது தளத்தை எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்க வருகிறவர்கள், கட்டடத்தைச் சுற்றிவிட்டு, வாசலில் நிற்கும் எங்களிடமோ மாடி வீட்டுப் பெண்ணிடமோ பேச்சுக் கொடுக்கிறார்கள். தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பவற்றோடு சத்தத்தையும் கேட்கிறார்கள். வாங்க வேண்டாமென்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. வாங்கும் முன் ஓரிரவு வந்து பார்க்கும்படி சொல்கிறோம். எங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம், விடிந்தபின் முடிவு செய்யலாம் என்கிறோம். பெரும்பாலோர் சிரித்துவிட்டுப் போகிறார்கள். இதுவரை இரண்டு குடும்பங்கள் வந்து தங்கின. ஒன்று முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மற்றது மூன்றாம் தளத்தில் வீடு வாங்கியிருக்கிறது. அவர்களுக்குப் பத்து மாதக் கைக்குழந்தை ஒன்று. அன்றிரவு எங்கள் கூடத்தில் அது நான்கு முறை விழித்தது. காலையில் காப்பி குடித்துக்கொண்டே அந்த இளைஞர், "எங்க பட்ஜெட்டுக்கு வேற எங்க சார் கிடைக்கும்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. எந்தச் சன்னலை மூடினால் ஓசை குறையும் என்று மட்டும் காட்டி அனுப்பினோம்.